பதினெட்டு வயதில் நின்றுபோகும் ஆட்டம்

2016ஆம் ஆண்டு, மலேசியக் காற்பந்தின் மூன்றாம் படியாக அப்போது இருந்த எஃப்.ஏ.எம். லீக் முடிந்தபோது முதலிடத்தில் எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா, இரண்டாம் இடத்தில் யூஐடிஎம். முன்னது மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றமும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமும் சேர்ந்து நிறுத்திய அணி. பின்னது ஷா ஆலாமில் தலைமை வளாகம் கொண்ட மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அணி. ஒன்று சமூகத்தின் பிள்ளை, மற்றொன்று கல்விக்கூடத்தின் பிள்ளை. இரண்டும் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. ஒரே ஆண்டில் ஒரே வாசல் வழியாக மேலே ஏறியவை. மிஃபா 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்கில் கால் வைத்தது. யூஐடிஎம் 2020இல் வந்து சேர்ந்தது. 2023 பருவம் தொடங்கியபோது சூப்பர் லீக் பட்டியலில் இரண்டு பெயருமே இல்லை.

சுங்கை பூலோவில் நான் தேநீர் குடிக்கும் கடையில் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் அதே கேள்வி எழுகிறது: "நம்ம டீம் எப்பண்ணே திரும்ப வரும்?" கேட்பவர்களில் பாதிப் பேர் அந்த அணியின் ஆட்டத்தை அரங்கத்துக்குப் போய்ப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கேட்கிறார்கள். தொலைக்காட்சியில் ஆட்டக்காரர் பட்டியல் ஓடும்போது தம் வீட்டில் புழங்கும் பெயர் ஒன்று அதில் வராதா என்று பார்க்கிற கண்களின் கேள்வி அது. அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் அதற்கு ஒழுங்கான பதிலொன்றைத் தேடிப் பார்க்க விரும்பினேன். கலைந்துபோன ஓர் அணியைத் திரும்பக் கட்ட முடியுமா? முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பருவத்துக்கு முந்தைய கணிப்பு என்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ஆடுவது வேறு பந்து, வேறு விதி. ஆனால் அங்கே பல்கலைக்கழக அணிகளுக்கு ஊரே திரண்டு நிற்கும். முந்தைய பருவத்தில் தோற்றுத் தேய்ந்த அணி என்றால், கோடை முழுவதும் கணக்குப் போடுவார்கள்: பட்டம் வாங்கிக்கொண்டு போனவர் எத்தனை பேர், திரும்பி வருகிறவர் எத்தனை பேர், பள்ளியிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர் யார், பயிற்றுநர் யார். இந்தியானா பல்கலைக்கழகம் 2023இல் 12 ஆட்டங்களில் 3 மட்டுமே வென்றது. புதிய பயிற்றுநர் கர்ட் சிக்னெட்டி வந்தார். தாம் முன்பு பயிற்றுவித்த பல்கலைக்கழகத்திலிருந்து பத்துப் பேருக்கு மேல் தம்மோடு அழைத்துவந்தார். 2024இல் அந்த அணி 13 ஆட்டங்களில் 11ஐ வென்றது. ஒரே ஆண்டில் அப்படி நிமிர முடிந்ததற்குக் காரணம் பயிற்றுநரின் திறமை மட்டுமா? அவர் அள்ளிவருவதற்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆட்கள் தயாராக இருந்தார்கள். கிணற்றில் ஊறினால்தானே வாளியில் வரும்.

நம் கணக்கை அதே முறையில் போட்டுப் பார்ப்போம். திரும்பி வருகிறவர் எத்தனை பேர்? யாருமில்லை. 2022 இறுதியில் பெட்டாலிங் ஜெயா சிட்டி லீக்கிலிருந்து விலகியபோது ஆட்டக்காரர்கள் சிதறினார்கள். சிலருக்கு வேறு அணிகளில் இடம் கிடைத்தது. சிலர் வேலைக்குப் போனார்கள்.

அந்த அணி அதுவரை நடந்துவந்த தூரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விஜய் ஈஸ்வரனின் கியூஐ குழுமம் பின்னால் நின்றது. கே. தேவன் பயிற்றுநர். எஃப்.ஏ.எம். லீக்கிலிருந்து பிரிமியர் லீக், அங்கே இரண்டு பருவம், பிறகு சூப்பர் லீக் என்று படிப்படியாக ஏறினார்கள். கெலானா ஜெயாவில் உள்ள எம்.பி.பி.ஜே. அரங்கம் சொந்தத் திடலானது. தேவனுக்குப் பிறகு பி. மணியம் பொறுப்பேற்றார். கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்நாட்டுப் பையன்களை மட்டும் வைத்து சூப்பர் லீக்கில் ஆடினார்கள். எதிரணிகளில் பிரேசில்காரரும் ஆப்பிரிக்கரும் முன்வரிசையில் நிற்க, இவர்கள் தற்காப்பில் ஒழுங்கைக் கடைப்பிடித்து, ஒரு கோல் இரண்டு கோல் வித்தியாசத்தில் பெரிய அணிகளைத் திணறடித்த ஆட்டங்கள் உண்டு. அந்தத் துணிச்சலுக்குப் போதிய பாராட்டுக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். வெளிநாட்டவர் இல்லாமல் உயர்மட்ட லீக்கில் தாக்குப்பிடிக்கலாம் என்பதற்கு அவர்களே சான்று.

அப்படியிருந்தும் அணி ஏன் நிற்கவில்லை? ஒரே புரவலரை நம்பிய அணி, புரவலர் விலகும் நாளில் முடிந்துவிடும். இது எல்லாருக்கும் தெரிந்த காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அரங்கத்தில் கூட்டம் சேரவில்லை. பெட்டாலிங் ஜெயாவும் ஷா ஆலாமும் கிள்ளானும் தலைமுறை தலைமுறையாகச் சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டைக்குப் பழகிய ஊர்கள். நம் அப்பாக்களும் தாத்தாக்களும் மெர்டேக்கா அரங்கத்தில் சிலாங்கூருக்காகத்தான் கத்தினார்கள். புதிய அணிக்கு அந்த அன்பை மாற்றிக்கொடுக்கச் சில பருவங்கள் போதாது. ஷா ஆலாம் அரங்கம் 2020இல் மூடப்பட்டு, பிறகு இடிக்கவும் பட்ட நிலையில், இன்று அதே எம்.பி.பி.ஜே. அரங்கத்தில் சிலாங்கூர் அணிதான் ஆடுகிறது. புல் அதே புல். சட்டை மட்டும் மாறியிருக்கிறது.

யூஐடிஎம் கதை வேறு வகை. பல்கலைக்கழக அணி ஒன்று நாட்டின் உயர்மட்ட லீக்கில் ஆடியது அதுவே முதல் முறை. 2019 பிரிமியர் லீக்கில் ஐந்தாம் இடம்தான் பிடித்தார்கள். மேலே இருந்த ஜொகூர், திரெங்கானு ஆகியவற்றின் இரண்டாம் அணிகள் மேலேற விதி இடம் தராததால் வாய்ப்பு இவர்களுக்கு வந்தது. 2020இல் பெருந்தொற்றால் சுருங்கிப்போன 11 ஆட்டப் பருவத்தில், ஜெர்மானியப் பயிற்றுநர் ஃபிராங்க் பெர்ன்ஹார்ட்டின் கீழ் ஆறாம் இடத்தில் முடித்தார்கள். யாரும் எதிர்பார்க்காத முடிவு அது. அடுத்த ஆண்டே கடைசி இடம், கீழிறக்கம். 2022இல் பிரிமியர் லீக்கில் ஒரு பருவம் ஆடினார்கள், பிறகு விலகிக்கொண்டார்கள். பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் அணியும் சில பருவங்கள் பிரிமியர் லீக்கில் ஆடிவிட்டுப் போனது. துணைவேந்தர் மாறும்போதும் ஒதுக்கீடு குறையும்போதும் முதலில் வெட்டப்படுவது எதுவென்று கல்விக்கூடங்களை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மீண்டும் ஏற நினைக்கும் அணிக்கு முன்னால் 2016இல் இல்லாத ஒரு தடை இருக்கிறது. ஏணியில் நடுப்படியையே எடுத்துவிட்டார்கள். 2022 பருவத்தோடு பிரிமியர் லீக் முடிந்தது. 2023இல் எல்லாம் ஒரே சூப்பர் லீக் ஆனது. 18 அணி வரும் என்று திட்டமிட்டார்கள், வந்தவை 14. உரிமம் பெற முடியாமல் மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் போன்ற அணிகளே வெளியே நின்ற ஆண்டு அது. சூப்பர் லீக்குக்கு அடுத்து இப்போது இருப்பது ஏ1 எனப்படும் அரைத்தொழில்முறை லீக். அதற்குக் கீழே அமெச்சூர் லீக்குகள். மாலையில் வேலை முடிந்து பயிற்சிக்கு வரும் பையன்களைக் கொண்ட அணிக்கும், ஆண்டுக்குப் பல மில்லியன் ரிங்கிட் செலவழிக்கும் அணிக்கும் இடையில் வேறொரு படி கிடையாது. மிஃபாவும் யூஐடிஎம்மும் மூச்சு வாங்கிக்கொண்டது பிரிமியர் லீக்கில்தான். அங்கே தோற்றார்கள், கற்றார்கள், ஆள் சேர்த்தார்கள். அந்த இடைவெளி இனி இல்லை. உச்சியில் நிற்கும் ஜொகூர் டாருல் தக்சிம் 2014 முதல் லீக் கிண்ணத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மேலே பார்த்தது போதும். இந்தக் கேள்வியின் வேர் கீழேதான் இருக்கிறது.

நம் பெயர்கள் எங்கிருந்து வந்தன? 1972 ம்யூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா அமெரிக்காவை 3-0 என்று வென்றது. அந்தப் போட்டிக்குப் போன அணியின் தற்காப்புத் தூண்களில் ஒருவர் எம். சந்திரன். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். நாடு போட்டியைப் புறக்கணித்ததால் போக முடியாமல் போனது. அந்த அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பறித்துவிடுவதால் 'ஸ்பைடர்மேன்' என்றே நாடு அவரை அழைத்தது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் இறந்தபோது சிலாங்கூரில் அழாத காற்பந்து வீடு இல்லை. 2016இல் 'ஓலா போலா' திரைப்படம் வந்தபோது, அதில் வரும் கோல் காவலரைக் கண்டு என் அண்டை வீட்டுப் பெரியவர் கண் கலங்கினார். அவருக்குத் திரையில் தெரிந்தது ஆறுமுகம்தான். 2010இல் மலேசியா முதன்முறையாக ஆசியான் கிண்ணத்தை வென்றது. ஜகார்த்தாவில் கிண்ணம் உயர்த்திய அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால், ஆட்டக்காரர்களில் எஸ். குணாளனும் கே. குருசாமியும் இருந்தார்கள். இவற்றை வெறும் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஏதோ ஓர் ஊற்று இருந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த ஊற்றின் பெரும்பகுதி தோட்டம். கோயில், பள்ளி, கள்ளுக்கடை, லயம், திடல் என்பதே தோட்டத்தின் அமைப்பு. பால்மரம் வெட்டிவிட்டுப் பிற்பகலில் வீடு திரும்பியவர்களுக்குச் சாயங்காலம் முழுக்க மீதமிருந்தது. திடலுக்கு வாடகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லாரி வரும். பதினைந்து வயதுப் பையன் முப்பது வயது ஆட்களோடு மோதி ஆடினான்; அடி வாங்கினான்; கெட்டிப்பட்டான். அதற்குப் பயிற்சிக்கூடம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

சுங்கை பூலோவுக்கு இது கண்முன் நடந்த கதை. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலம் இங்கே மைல் கணக்கில் பரந்திருந்தது. நாங்கள் 'ஆர்.ஆர்.ஐ.' என்போம். தமிழ்ப்பள்ளியின் பெயரிலேயே அந்த மூன்றெழுத்து இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிலத்தில் 2,330 ஏக்கர் ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணை நிறுவனத்திடம் போய், குவாசா டாமான்சாரா என்ற புதுநகரமாகிக்கொண்டிருக்கிறது. மிஃபா எஃப்.ஏ.எம். லீக்கை வென்ற அதே 2016இன் டிசம்பரில்தான் சுங்கை பூலோவிலிருந்து முதல் எம்.ஆர்.டி. ரயிலும் புறப்பட்டது. ரயில் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதில்தான் நானும் ஊர் சுற்றுகிறேன். ஆனால் ரயில் பாதையின் இருபுறமும் எழும் அடுக்குமாடிகளில், மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் ஃபுட்சால் கூடங்களைப் பார்க்கிறேன். காசில்லாமல் ஆடும் முழு அளவுத் திடலைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐந்து பேர் ஆடும் சிறு கூடத்தில் கால் வித்தை வளரும். முப்பது மீட்டர் தூரத்துக்குப் பந்தைத் தூக்கி அனுப்பும் கணக்கும், தொண்ணூறு நிமிடம் ஓடும் நுரையீரலும் அங்கே வளராது. ஆறுமுகத்தைப் போலப் பெரிய கோலைக் காக்கும் ஒருவர் அங்கே உருவாகவே முடியாது. அந்தக் கோலின் உயரம் இரண்டு மீட்டர்தான்.

பள்ளிகளைப் பார்ப்போம். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 530க்கும் குறைவு. அவற்றிலும் பல, குறைந்த மாணவர் பள்ளிகள். மொத்தம் நாற்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பதினோரு பேர் அணியைத் திரட்டுவது எப்படி? ஆண் பிள்ளைகள் பாதி, அதில் மேல் வகுப்பில் இருப்பவர் பாதி, அதில் ஓடக்கூடியவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் கைவிரல் போதும். இருந்தும் சில ஆசிரியர்கள் தங்கள் காரிலேயே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எழுவர் போட்டிகளுக்குப் போகிறார்கள். பூட்ஸ் வாங்கித் தருகிறார்கள். அணி மீண்டும் எழுந்தால் அதன் முதல் நன்றி அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரை நிலைமை நம்பிக்கையற்றதாக இல்லை என்பது நான் பார்த்தவரை என் முடிவு. கிள்ளானிலும் செந்தூலிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் வார இறுதிப் பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. தமிழ்ப் பெற்றோர் மாதக் கட்டணம் கட்டிப் பையன்களைக் கொண்டுவிடுகிறார்கள். தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. அதன் உச்சியில் பகாங் கம்பாங்கில் மொக்தார் டஹாரி பயிற்சிக்கழகம் இருக்கிறது. வயதுப் பிரிவுப் போட்டிகள் நடக்கின்றன. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பையன் இந்த வழியில் நுழைய முடியாது என்பது பெரிய குறைதான். ஆனாலும் வழி என்று ஒன்று இருக்கிறது.

பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுநாள் அந்த வழி முடிந்துவிடுகிறது.

எங்கள் தாமானில் ஒரு பையன். நல்ல உயரம், கோல் காவலர். குறுக்கே வரும் பந்துக்கு முன்னால் வருவதா, கோலிலேயே நிற்பதா என்ற முடிவை அவன் எடுக்கும் வேகத்தைப் பார்த்து நான் பலமுறை நின்றிருக்கிறேன். அந்த முடிவு சொல்லிக்கொடுத்து வருவதில்லை. பதினேழு வயது வரை மாவட்ட அளவில் ஆடினான். பதினெட்டில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகத் தொடங்கினான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குறைந்தபட்ச ஊதியம் இப்போது 1,700 ரிங்கிட். விநியோக வேலையில் அதைவிடக் கூடுதலாகவும் சம்பாதிக்கலாம். அவன் அம்மாவுக்கு அந்தப் பணம் தேவை. அவனுக்கு முன்னால் இருந்த இன்னொரு வழி என்ன? சூப்பர் லீக் அணி ஒன்றின் இளையோர் பிரிவில் இடம் பிடிக்க வேண்டும். 2023 முதல் இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோருக்கு எம்.எஃப்.எல். கிண்ணம் நடக்கிறது; ஆனால் அதில் ஆடுவது உயர்மட்ட அணிகளின் இரண்டாம் வரிசைகள். கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படி எத்தனை இடம் இருக்கும்? ஓர் அணிக்கு மூன்று கோல் காவலர் என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கோல் காவலர் முழு ஆட்டக்காரராக முதிர்வது இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதில். தற்காப்பு நடு ஆட்டக்காரரும் அப்படியே. பதினெட்டில் ஆட்டத்தை விடுகிறவன் முதிர்வதற்கு ஏழு ஆண்டு முன்பே விட்டுவிடுகிறான். அந்த ஏழு ஆண்டும் அவனைத் தாங்கிக்கொள்வது யார்? அணியை மீண்டும் கட்டுவது பற்றிப் பேசுகிற எல்லாரும் இதற்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மிஃபாவிடம் இதற்கு விடை இல்லை. அது தயாரான ஆட்டக்காரர்களைத் திரட்டி ஏறிய அணி. யூஐடிஎம்மிடம் விடையின் பாதி இருந்தது. படித்துக்கொண்டே ஆடு, பட்டமும் கையில் இருக்கட்டும் என்று அது சொன்னது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் பூமிபுத்ரா மாணவருக்கானது; நம் பையன் அங்கே மாணவனாக நுழைய வழியில்லை. சமூக அணியிடம் ஆள் இருந்தும் தங்க வைக்க இடமில்லை. பல்கலைக்கழக அணியிடம் இடமிருந்தும் நம்மவருக்குக் கதவில்லை. இந்த இரண்டு கதைகளையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் எனக்கு வழி கொஞ்சம் தெளிந்தது.

ஜப்பானைப் பாருங்கள். மித்தோமா கவோரு பதினெட்டு வயதில் கவாசாக்கி ஃப்ரொந்தாலேயின் தொழில்முறை ஒப்பந்தத்தை வேண்டாம் என்றுவிட்டு ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பந்தைக் கடத்திச் செல்லும் கலையைப் பற்றியே ஆய்வேடு எழுதினார். பட்டம் பெற்று 2020இல் கவாசாக்கிக்கு ஆடத் தொடங்கியவர் இங்கிலாந்தின் பிரைட்டன் வரை போனார். நாகாத்தோமோ மெய்ஜி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். கொரியாவின் பார்க் ஜி சுங், உடம்பு சிறியது என்று தொழில்முறை அணிகள் கைவிட்ட பிறகு மியோங்ஜி பல்கலைக்கழகத்தில் ஆடி, அங்கிருந்து கியோத்தோவுக்கும் பின்னால் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் போனார். உடல் முதிரத் தாமதமாகும் பையன்களுக்கு அந்த நாடுகளில் பல்கலைக்கழகம் ஒரு நிழல். நான்கு ஆண்டு ஆடலாம், சாப்பாடு உண்டு, விடுதி உண்டு, தோற்றால்கூடக் கையில் ஒரு படிப்பு இருக்கும். 'ஆட்டம் போனால் என்ன செய்வான்' என்ற நம் அம்மாக்களின் அச்சத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இங்கே அதைச் செய்ய ஆளில்லாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் புத்ரா பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நம் மாணவர்கள் இருக்கிறார்கள், திடல்களும் இருக்கின்றன. உயர்கல்விக்கூடங்களுக்கிடையே லீக் நடக்கிறது. கெடா செமெலிங்கில் இந்தியச் சமூகத்தின் முயற்சியால் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆண்டுக்குப் பத்துக் காற்பந்து ஆட்டக்காரர்களுக்கு அங்கே கட்டணச் சலுகையோடு இடம் கொடுத்தால் மூன்று ஆண்டில் முப்பது பேர். அது ஓர் அணியும் அதன் மாற்று வரிசையும். பல்கலைக்கழகத் தகுதி எட்டாதவர்களுக்குத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. பகலில் கம்மியர் பயிற்சி, மாலையில் காற்பந்துப் பயிற்சி என்று ஒரு கால அட்டவணை போடுவது கடினமான காரியமா? அந்தக் கோல் காவலன் அப்படியோர் இடத்துக்கு ஓடோடிப் போயிருப்பான்.

குறுக்குவழி வேண்டுமென்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் பிஃபா, வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் ஆவண மோசடி தொடர்பில் அவர்களுக்கு ஓராண்டுத் தடையும், மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. தேசிய அணிக்கே ஏற்பட்ட அந்தத் தலைகுனிவு இன்னும் ஆறவில்லை. தாத்தா பிறந்த ஊரைத் தேடி உலகெங்கும் அலைந்தவர்கள், சுங்கை பூலோவிலும் காப்பாரிலும் பிறந்த பேரன்களைத் தேடவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலேசிய லீக்கில் சம்பளப் பாக்கி என்பது தீராத நோய். மாதக்கணக்கில் சம்பளம் வராமல் ஆடியவர்கள் உண்டு. பாக்கிக்காகப் புள்ளிகளை இழந்த அணிகளும் உண்டு. பெயர் பெற்ற மாநில அணிகளே அப்படித் தள்ளாடும்போது, புதிதாகக் கட்டும் அணி சூப்பர் லீக் கனவோடு தொடங்குவது தற்கொலை. ஒரே பெரிய புரவலரைவிட, மாதம் ஐம்பது ரிங்கிட் கொடுக்கும் ஆயிரம் பேர் மேல் என்பது என் கட்சி. மாதம் 50,000 ரிங்கிட் என்பது உயர்மட்ட அணிக்கு ஒரு மூலைக்கும் காணாது. ஏ1 லீக்கின் கீழே நிற்கும் இளைஞர் அணிக்குத் திடல் வாடகை, பயணம், பயிற்றுநர் சம்பளம், காயத்துக்கு மருத்துவம் என்று பெரும்பகுதியைத் தாங்கும்.

இன அடிப்படையில் ஓர் அணி தேவையா என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. மிஃபாவிலேயே மலாய் ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். பெயரைப் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று மாற்றியதும் எல்லாருக்குமான அணியாக்கும் எண்ணத்தில்தான். அதைச் சமூகத்தைக் கைவிட்டதாகச் சிலர் வருந்தினார்கள். நான் வருந்தவில்லை. ஆறுமுகமும் சந்திரனும் நம்மவர் அணியில் ஆடிப் பெரியவர்கள் ஆனவர்கள் அல்லர். சிலாங்கூரின், மலேசியாவின் சட்டையில் ஆடினார்கள். மொக்தார் டஹாரியும் சோ சின் ஆனும் அருகில் நின்றார்கள். நமக்குத் தேவை, பையன் அந்தச் சட்டை வரை போய்ச்சேரும் ஒரு கதவு. அந்தக் கதவின் மேல் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் எனக்குச் சம்மதமே. அதற்குள் முதல் நாள் நுழைகிறவன் கூச்சமில்லாமல் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் கணிப்பு என்ன? நாளைக்கே யாராவது இந்த அணியைப் பதிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பருவத்தில் அமெச்சூர் லீக்கில் தோற்பார்கள். எதிரே இருப்பவர்கள் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள், முப்பது வயதைக் கடந்த தந்திரசாலிகள். பத்தொன்பது வயதுப் பையன்கள் எழுபதாம் நிமிடம் வரை சமமாக ஆடிவிட்டு, பிறகு நிலை தவறிக் கோல் வாங்குவார்கள். தற்காப்பு நடுவிலும் கோலிலும்தான் முதலில் ஓட்டை தெரியும். அந்த இடங்களுக்குத்தான் முதிர்ச்சி வேண்டும். பக்கவாட்டில் ஓடுவதற்குப் பையன்கள் கிடைப்பார்கள். நம்மிடம் வேகத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. முதல் ஆண்டின் புள்ளிப் பட்டியலை நான் பார்க்கப்போவதில்லை. தொடங்கிய இருபத்தைந்து பேரில் எத்தனை பேர் அடுத்த ஜனவரியிலும் பயிற்சிக்கு வருகிறார்கள் என்று பார்ப்பேன். பதினெட்டுப் பேர் வந்தால் அது வெற்றி. பத்துப் பேர் என்றால் பூட்ஸ் இல்லையா, பஸ் காசு இல்லையா, வேலை நேரமா என்று ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்.

இரண்டாம் பருவத்தில் பாதி ஆட்டங்களில் தோல்வியைத் தவிர்த்தால் போதும். ஏ1 லீக்கைப் பற்றி மூன்றாம் பருவத்துக்கு முன் வாயைத் திறக்கக்கூடாது. சூப்பர் லீக்கைப் பற்றிய பேச்சு, முதல் தொகுதிப் பையன்கள் பட்டம் வாங்கும் ஆண்டில் தொடங்கட்டும். அதற்குள் அவர்களில் இரண்டு மூன்று பேரை வேறு அணிகள் கொத்திக்கொண்டு போகும். போகட்டும். அவர்கள் போகும் நாளில் அந்த இடத்துக்கு வர இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் பெஞ்சில் காத்திருக்கிறாரா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் தாமான் கோல் காவலனுக்கு இப்போது இருபது வயது. வெள்ளிக்கிழமை மாலைகளில் விநியோகத்துக்கு இடையில் வண்டியைத் திடலோரம் நிறுத்திவிட்டு, சின்னப் பையன்கள் அடிக்கும் பந்துகளைப் பிடித்துக் கொடுக்கிறான். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றுவதில்லை. போன வாரம் மேல் மூலைக்குப் போன பந்து ஒன்றை ஒரு கையால் தட்டி வெளியே அனுப்பினான். பிறகு கைப்பேசி ஒலித்தது. போய்விட்டான்.